ஸ்டோரேஜ் இன்ஜினியர்: டிஸ்க் மாற்றும் வேலையில் தொடங்கி எதுவரை போகலாம்?

ஹார்ட் டிஸ்க் ஒருநாள் கெட்டுப்போகும். எந்தக் கம்பெனி டிஸ்க்காக இருந்தாலும் சரி, எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் சரி. அது கெட்ட பிறகும் யாருடைய ஃபைலும் தொலையாமல் பார்த்துக்கொள்வதற்காகச் சம்பளம் வாங்குகிறவர்தான் ஸ்டோரேஜ் இன்ஜினியர்.

பேக்பிளேஸ் என்ற அமெரிக்க நிறுவனம், தன்னிடம் ஓடும் லட்சக்கணக்கான டிஸ்க்குகளில் எத்தனை பழுதாகின்றன என்ற கணக்கைப் பல ஆண்டுகளாக வெளியிட்டு வருகிறது. ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்று, ஒன்றரை என்ற அளவிலேயே அது இருக்கிறது. வீட்டில் ஒரு டிஸ்க் வைத்திருப்பவருக்கு இது பெரிதாகத் தெரியாது. ஆயிரம் டிஸ்க் ஓடும் இடத்தில் மாதத்துக்கு ஒன்று போகிறது என்று அர்த்தம். அங்கே டிஸ்க் பழுது என்பது கரண்ட் பில் மாதிரி, மாதா மாதம் வரும் விஷயம்.

கல்லூரி முடித்தவர்களிடம் டெவலப்பர், டெஸ்டர், டேட்டா சயின்டிஸ்ட் என்று சொன்னால் உடனே புரிகிறது. ஸ்டோரேஜ் என்றால், "பென்டிரைவ் மாதிரியா?" என்று கேட்கிறார்கள். இந்த வேலை என்ன, எங்கே தொடங்குகிறது, பத்து வருடத்தில் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை ஒன்றுமே தெரியாதவருக்குச் சொல்வதுபோல் எழுதிப் பார்க்கிறேன்.

மனை, பதிவறை, டோக்கன்

ஐபிஎம் 1956இல் கொண்டுவந்த முதல் வணிக டிஸ்க் கருவியில் 24 அங்குல அகலத் தட்டுகள் 50 இருந்தன. அத்தனையும் சேர்ந்து 50 லட்சம் எழுத்துகளைத்தான் தாங்கின. இன்று போனில் எடுக்கும் ஒரு போட்டோவின் அளவு அது. தட்டு சிறுத்து, கொள்ளளவு பெருத்த கதை எல்லோருக்கும் தெரிந்ததே. நமக்கு முக்கியம், பெரிய அலுவலகங்களில் டிஸ்க்குகள் சர்வருக்குள் இல்லாமல் தனிப் பெட்டிக்குப் போய்விட்டன என்பதுதான். அந்தப் பெட்டிக்கு அரே என்று பெயர். பல சர்வர்கள் அதிலிருந்து இடம் வாங்கிக்கொள்ளும்.

அந்த இடம் மூன்று விதமாகக் கிடைக்கும். முதலாவது பிளாக். இது காலி மனை மாதிரி. 500 ஜிபி என்று அளந்து கொடுத்துவிடுவோம். அதில் வீடு எப்படிக் கட்டுவது என்பது சர்வரின் பாடு. இந்த மனைக்கு எங்கள் வழக்கில் லன் என்று பெயர். வங்கிகளின் டேட்டாபேஸ்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஓடுகின்றன. இரண்டாவது ஃபைல். அலுவலகப் பதிவறையில் அலமாரி, அடுக்கு, கோப்பு என்று ஒருவர் ஒழுங்காக வைத்திருக்க, பலர் வந்து எடுத்துப் படிப்பதுபோல. மூன்றாவது ஆப்ஜெக்ட். கோயில் வாசலில் செருப்பைக் கொடுத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொள்கிறோம் இல்லையா, அதேதான். எந்த அடுக்கில் வைத்தார்கள் என்று நமக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. டோக்கனைக் கொடுத்தால் பொருள் வரும். அமேசான் 2006 மார்ச்சில் தொடங்கிய எஸ்3 இந்த வகை.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே இந்த மூன்றும் மனதில் பதிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். பின்னால் கேள்விப்படப்போகும் பெயர்கள் எல்லாம் இந்த மூன்றில் ஒன்றுக்குள் வந்துவிடும்.

ஒரு டிஸ்க் போனாலும் கணக்குப் போகாது

இனி ரெய்டு. கலிபோர்னியாவில் உள்ள பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் 1988இல் வெளியிட்ட கட்டுரை, இந்தப் பெயரையும் யோசனையையும் உலகறியச் செய்தது. விலை உயர்ந்த ஒரே பெரிய டிஸ்க்குக்குப் பதில் மலிவான பல டிஸ்க்குகளைச் சேர்த்துக் கட்டுவோம், அதில் ஒன்று போனாலும் தாங்கும்படி வைப்போம் என்பதே சாரம்.

எப்படித் தாங்கும்? மூன்று டிஸ்க்கில் 7, 5, 9 என்று எழுதியிருக்கிறீர்கள். நான்காவதில் மூன்றின் கூட்டுத்தொகை 21ஐ எழுதி வைக்கிறீர்கள். இப்போது இரண்டாவது டிஸ்க் போய்விட்டது. 21இலிருந்து 7ஐயும் 9ஐயும் கழித்தால் 5. போனது திரும்பி வந்துவிட்டது. உள்ளே நடப்பது 0, 1 இரண்டையும் வைத்துச் செய்யும் வேறொரு கணக்கு. அந்தக் கூடுதல் எண்ணையும் ஒரே டிஸ்க்கில் வைக்காமல் எல்லாவற்றிலும் பிரித்து வைப்பார்கள். ஆனாலும் அடிப்படை இந்தக் கழித்தல்தான். இதை ரெய்டு 5 என்கிறோம். இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும்படி இரண்டு கூடுதல் எண் வைத்தால் ரெய்டு 6.

ஒன்றே போதாதா, ஏன் இரண்டு என்று கேட்கலாம். பழுதான 20 டிபி டிஸ்க்குக்குப் பதில் புதிது போட்டாயிற்று. அதில் பழைய டேட்டாவை மறுபடி எழுத வேண்டும். இதற்கு ரீபில்ட் என்று பெயர். விநாடிக்கு 200 எம்பி வேகத்தில் நிற்காமல் எழுதினாலும் 1 லட்சம் விநாடி, அதாவது கிட்டத்தட்ட 28 மணி நேரம். வழக்கமான வேலையும் கூடவே ஓடுவதால் இன்னும் இழுக்கும். இத்தனை நேரமும் மற்ற டிஸ்க்குகள் மூச்சுவிடாமல் படிக்கப்படுகின்றன. எல்லாம் ஒரே வயது, ஒரே லோடில் வந்தவை. இந்த நேரத்தில் இன்னொன்று போனால் ரெய்டு 5இல் அத்தனையும் போயிற்று. டிஸ்க் பெரிதாகப் பெரிதாக ரெய்டு 6 வழக்கமாகிப் போனதற்கு இந்த 28 மணி நேரமே காரணம்.

எல்1: இரவு ஷிஃப்ட்டும் ஏழாவது ஸ்லாட்டும்

பலருக்கும் இந்த வேலை எல்1 என்ற படியில்தான் தொடங்குகிறது. சென்னையிலும் பெங்களூரிலும் உள்ள ஐடி சேவை நிறுவனங்கள் அமெரிக்க, ஐரோப்பிய வங்கிகளின் ஸ்டோரேஜை இங்கிருந்தே பார்த்துக்கொள்கின்றன. திரையில் அலெர்ட் வரும். டிக்கெட் போட வேண்டும். டிஸ்க் பழுது என்றால் தயாரித்த கம்பெனியிடம் பழுதைப் பதிவு செய்ய வேண்டும், அதை கால் லாக் என்போம். காலையில் ஹெல்த் செக் ரிப்போர்ட் அனுப்ப வேண்டும். பி.இ., பி.எஸ்சி., டிப்ளமா எது முடித்தவரும் வருகிறார்கள். ஷிஃப்ட் உண்டு. அதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை. முதல் இரண்டு வருடம் தீபாவளிக்கு ஊருக்குப் போவதுகூட ரோஸ்டரைப் பார்த்துத்தான்.

நான் சேர்ந்த முதல் வருடம் ஓர் இரவு இரண்டே முக்காலுக்கு டிஸ்க் அலெர்ட் வந்தது. கால் லாக் செய்தேன். வேறொரு நகரத்து டேட்டா சென்டருக்கு ஃபீல்டு இன்ஜினியர் புது டிஸ்க்கோடு போய் நின்றார். "எந்த ஸ்லாட் சார்?" என்று போனில் கேட்டார். என் திரையில் 7 என்று இருந்தது. "ஏழாவது ஸ்லாட்" என்றேன். அவர் இடதுபக்கத்திலிருந்து ஏழு எண்ணி, ஏழாவதை உருவிவிட்டார். அந்தப் பெட்டியில் எண்கள் 0இல் தொடங்கும். அவர் உருவியது 6ஆம் எண் டிஸ்க், நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரே ரெய்டு குழுவில் இப்போது இரண்டு இல்லை.

அது ரெய்டு 6. டேட்டாபேஸ் ஒரு நொடிகூட நிற்கவில்லை. ஆனால் அடுத்த ஒரு மணி நேரம் என் கை நடுங்கியது இப்போதும் நினைவில் இருக்கிறது. காலையில் சீனியர் வந்தார். கோபப்படவில்லை. "லைட்டை எரியவிட்டுப் பாத்தியாப்பா?" என்று மட்டும் கேட்டார். ஒவ்வொரு டிஸ்க்கின் முகப்பிலும் சிறிய விளக்கு உண்டு. இங்கிருந்து கமாண்ட் கொடுத்தால் அந்த ஒரு டிஸ்க்கின் விளக்கு மட்டும் மின்னும். அன்றிலிருந்து "ஏழாவது" என்ற சொல்லையே போனில் சொல்வதில்லை. பெட்டி எண், ஸ்லாட் எண், சீரியல் நம்பரின் கடைசி நான்கு இலக்கம், மின்னும் விளக்கு. நான்கும் ஒத்துவந்த பிறகுதான் கை வைக்கச் சொல்வேன்.

எல்1இல் கற்றுக்கொள்ள வேண்டியது இதுதான் என்பேன். எந்தப் பெட்டியின் மெனுவில் எங்கே என்ன இருக்கிறது என்பது ஆறு மாதத்தில் தானே வந்துவிடும். தொடுவதற்கு முன் உறுதிசெய்யும் பழக்கம் தானாக வராது.

எல்2: ஒரு எழுத்து பிசகினால்

இரண்டு மூன்று வருடத்தில் அலெர்ட் பார்ப்பது போய், செய்வது வரும். புது சர்வருக்கு இடம் ஒதுக்குவது, ஒரு நொடியில் டேட்டா இருந்த நிலையை அப்படியே பதிந்துவைக்கும் ஸ்னாப்ஷாட்டுக்கு அட்டவணை போடுவது, பெட்டிக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதிதாக ஏற்றுவது, அப்புறம் ஸோனிங்.

ஸோனிங் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். பெரிய இடங்களில் சர்வருக்கும் அரேக்கும் நடுவே ஃபைபர் சேனல் என்ற தனி நெட்வொர்க் ஓடுகிறது. ஒவ்வொரு போர்ட்டுக்கும் 16 இலக்கத்தில் ஒரு முகவரி. எந்த சர்வர் போர்ட் எந்த அரே போர்ட்டைப் பார்க்கலாம் என்று சுவிட்சில் எழுதி வைப்பதுதான் ஸோனிங். அந்தப் பதினாறில் ஒன்று தவறினால் புது சர்வருக்கு டிஸ்க் தெரியாது. அது சின்னப் பிரச்சினை, திருத்திக்கொள்ளலாம். பெரிய பிரச்சினை வேறு. எல்லா ஸோன்களும் சேர்ந்த ஒரு பட்டியலை இயக்கத்துக்குக் கொண்டுவரும்போது, தவறிப்போய்ப் பழைய பட்டியலை இயக்கிவிட்டால், அதற்குப் பிறகு சேர்ந்த அத்தனை சர்வர்களும் ஒரே நொடியில் டிஸ்க்கை இழக்கும்.

அதனால்தான் இந்த நெட்வொர்க்கை எப்போதும் இரண்டாகக் கட்டுகிறார்கள்: ஏ பக்கம், பி பக்கம். ஒவ்வொரு சர்வருக்கும் இரண்டு வழி. முதலில் ஏ பக்கம் மாற்றம் செய்ய வேண்டும். பிறகு சர்வர்களில் போய், இரண்டு வழியும் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பார்த்த பிறகே பி. அவசரத்தில் இரண்டையும் அடுத்தடுத்துச் செய்கிறவர்கள் உண்டு. ஒருநாள் மாட்டுவார்கள். நல்ல எல்2 யார் என்று கேட்டால், ஏ பக்கம் முடித்ததும் எழுந்துபோய் ஒரு டீ குடித்துவிட்டு வந்து பி பக்கத்தைத் தொடுகிறவர் என்பேன்.

எல்3: "ஸ்டோரேஜ் ஸ்லோ"

நான்கு ஐந்து வருடம் ஆனதும் கேள்விகளின் குணம் மாறும். "டிஸ்க் போச்சு" என்று யாரும் வர மாட்டார்கள். "ஸ்டோரேஜ் ஸ்லோவா இருக்கு" என்று வருவார்கள். பிரிட்ஜ் கால் என்று நாங்கள் சொல்லும், நாற்பது பேர் ஒரே லைனில் இருக்கும் போன் கூட்டத்தில் அப்ளிகேஷன் டீம், நெட்வொர்க் டீம், டேட்டாபேஸ் டீம் எல்லோரும் காத்திருக்க, நீங்கள் எண்ணை வைத்துப் பேச வேண்டும்.

அந்த எண் எங்கிருந்து வருகிறது? நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் டிஸ்க்கில் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிவிநாடி. வேண்டிய இடம் ஊசிக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று, 4.2 மில்லிவிநாடி. ஊசி சரியான தடத்துக்கு நகர ஏறக்குறைய 8. மொத்தம் 12 மில்லிவிநாடி. ஆக, அங்குமிங்குமாகப் படிக்கச் சொன்னால் ஒரு டிஸ்க் விநாடிக்கு 80 முறைதான் பதில் சொல்லும். எவ்வளவு விலை உயர்ந்த அரேயில் வைத்தாலும் இந்த இயற்பியல் மாறாது. சிப்பில் எழுதிப் படிக்கும் எஸ்எஸ்டியில் சுழலும் பாகமே இல்லை. அதே பதில் ஒரு மில்லிவிநாடிக்கும் குறைவில் வந்துவிடும். யாராவது "20 டிபி டிஸ்க் ஐந்து வாங்கினால் 100 டிபி ஆயிற்றே, டேட்டாபேஸை அதில் வைக்கலாமே" என்று சொன்னால், இடம் போதும், ஆனால் விநாடிக்கு 400 பதில்தான் கிடைக்கும் என்று அங்கேயே கணக்குப் போட்டுக் காட்டத் தெரிந்தவர் எல்3.

இந்தப் படியில் வரும் இன்னொரு பெரிய வேலை மைக்ரேஷன். ஓர் அரேயின் ஆயுள் ஐந்தாறு வருடம். பிறகு அத்தனை டேட்டாவையும் புதுப் பெட்டிக்கு மாற்ற வேண்டும், முடிந்தவரை யாருக்கும் தெரியாமல். மாதக்கணக்கில் திட்டமிட்டு சனிக்கிழமை இரவுகளில் செய்யும் வேலை.

திரும்ப வருமா?

இதுவரை சொன்ன எல்லாமே டேட்டா தொலையாமல் பார்த்துக்கொள்வது பற்றி. ஆனால் ரெய்டு எவ்வளவு உறுதியாக இருந்தாலும், ஒரு மனிதர் டெலீட் அடித்தால் எல்லா டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் அழியும். ரெய்டு பேக்கப் ஆகாது. அதே அரேயில் இருக்கும் ஸ்னாப்ஷாட்டும் பேக்கப் ஆகாது. பெட்டி எரிந்தால் இரண்டும் சேர்ந்தே எரியும். ரெய்டு இருந்தால் பேக்கப் வேண்டாமா? நேர்காணலில் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்.

2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் எழுதுகிறவர்கள் தங்கள் கோடை வைத்துக்கொள்ளும் இணையதளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் ஓர் இன்ஜினியர் துணை சர்வர் என்று நினைத்து முதன்மை சர்வரின் டேட்டாபேஸ் ஃபோல்டரை அழித்தார். கவனித்து நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபி போய்விட்டது. சரி, பேக்கப் இருக்குமே என்று போய்ப் பார்த்தால், தினமும் எஸ்3க்குப் போக வேண்டிய பேக்கப் காலியாக இருந்தது. மென்பொருள் பதிப்புகள் ஒத்துவராமல் அது தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்றதைச் சொல்லும் மெயில்களும் வந்து சேரவில்லை. சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன், வேறொரு வேலைக்காக ஒருவர் கையால் எடுத்து வைத்த ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது. நடந்ததை ஒன்றுவிடாமல் அந்த நிறுவனமே வெளியிட்டது. இந்தத் துறைக்கு அவர்கள் செய்த பெரிய உதவி அது.

2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் தேஜோன் நகரில் அரசு டேட்டா சென்டர் ஒன்றில் பேட்டரியிலிருந்து தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்து வந்த ஜி-டிரைவில் 858 டிபி அழிந்தது. அளவு மிகப் பெரியது என்பதால் அதற்கு வெளியே பேக்கப் வைத்திருக்கவில்லை. தொழில்நுட்பத்தில் முன்னே நிற்கும் நாடு அது. அங்கே இருந்த இன்ஜினியர்களுக்கு இந்த ஆபத்து தெரிந்திருக்காது என்று நான் நம்பவில்லை. தெரிந்ததை மேலே இருப்பவர்கள் கேட்கும்படி சொல்வதும், பட்ஜெட் வாங்குவதும் ஸ்டோரேஜ் வேலையின் ஒரு பகுதிதான். அதுதான் அடுத்த படி.

ஆர்க்கிடெக்ட், அப்புறம் கிளைகள்

எட்டுப் பத்து வருடம் ஆன ஸ்டோரேஜ் ஆர்க்கிடெக்ட்டின் நாள், கமாண்டைவிடக் கேள்விகளில்தான் அதிகம் போகும். இந்த சிஸ்டம் விழுந்தால் எத்தனை நிமிட டேட்டாவை இழக்கத் தயார்? அதற்கு ஆர்பிஓ என்று பெயர். எத்தனை மணி நேரத்தில் எழ வேண்டும்? அது ஆர்டிஓ. இரண்டுக்கும் "பூஜ்யம்" என்றுதான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். பூஜ்யத்துக்கு ஆகும் செலவைக் காட்டினால் பதினைந்து நிமிடத்துக்கு இறங்கி வருவார்கள். இந்தப் பேரத்தைப் பொறுமையாக நடத்தி, ஐந்து வருடத்துக்கு வேண்டிய இடத்தைக் கணக்கிட்டு, எங்கே எத்தனை நகல் என்று வரைந்து கொடுப்பவர் ஆர்க்கிடெக்ட்.

எல்லோரும் இந்த வழியே போவதில்லை. பேக்கப்பும் ரெக்கவரியும் தனித் துறையாகவே வளர்ந்துவிட்டது. டேட்டாவைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்த பிறகு அழிக்க முடியாத நகல் வைப்பது எப்படி என்று தெரிந்தவர்களுக்கு மதிப்பு கூடியிருக்கிறது. சி, சி++, கோ எழுத வருமென்றால் ஸ்டோரேஜ் மென்பொருளையே உருவாக்கும் பக்கம் போகலாம். பெங்களூரில் நெட்ஆப், டெல், நுட்டானிக்ஸ் போன்றவற்றின் ஆராய்ச்சிப் பிரிவுகள் இருக்கின்றன. சாதாரண சர்வர்களைச் சேர்த்தே பெரிய ஸ்டோரேஜ் கட்டும் செஃப் என்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருளை ஓட்டுவது இன்னொரு பாதை. பேசப் பிடித்தவர்கள், வாங்கப்போகிறவருக்கு எது பொருந்தும் என்று விளக்கும் ப்ரீசேல்ஸுக்குப் போகிறார்கள்.

கிளவுட் வந்துவிட்டதே, இந்த வேலை இருக்குமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இது: எல்1 வேலை குறைகிறது, இன்னும் குறையும். அலெர்ட் பார்த்து டிக்கெட் போடுவதை ஸ்கிரிப்ட் செய்துவிடும். ஆனால் அமேசானில் இபிஎஸ் என்பது அதே மனை, இஎஃப்எஸ் என்பது அதே பதிவறை, எஸ்3 என்பது அதே டோக்கன். அங்கேயும் தவறாக அழித்தால் அழிந்ததுதான். இன்னொரு பக்கம், பணப் பரிவர்த்தனை டேட்டா இந்தியாவுக்குள்தான் இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் உத்தரவிட்டது. சிறுசேரி, அம்பத்தூர் பக்கம் எழுந்து நிற்கும் டேட்டா சென்டர்களுக்குள்ளும் யாரோ ஒருவர் டிஸ்க் மாற்றத்தான் வேண்டும். ஆகவே எல்1இல் சேர்கிறவர் அங்கேயே தங்க நினைக்கக் கூடாது. முதல் நாளிலிருந்தே ஸ்கிரிப்ட் எழுத பைதானும், பல சர்வர்களில் ஒரே வேலையைத் தானாகச் செய்விக்கும் ஆன்சிபிளும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக வேண்டும்.

எங்கே தொடங்குவது?

முதலில், பெரும்பாலான சர்வர்களில் ஓடும் லினக்ஸ் இயங்குதளம். பிறகு நெட்வொர்க் அடிப்படை. அதற்குப் பிறகே ஏதாவது ஒரு கம்பெனியின் அரே. பலர் இதைத் தலைகீழாகச் செய்து, ஒரு கம்பெனியின் சான்றிதழை மனப்பாடத்தில் வாங்கி வருகிறார்கள். சான்றிதழ் நேர்காணல் வரை கொண்டுவரும், மறுக்கவில்லை. எந்தக் கம்பெனியையும் சாராத அடிப்படை வேண்டுமென்றால் ஸ்டோரேஜ் துறையின் பொது அமைப்பான எஸ்என்ஐஏவின் பாடத்திட்டத்தைப் பார்க்கலாம்.

கையில் ஒரு லேப்டாப் போதும். லேப்டாப்புக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டர்போல ஓடும் விர்ச்சுவல் மெஷின் இலவசமாகக் கிடைக்கும், அதில் லினக்ஸ் போடுங்கள். 2 ஜிபி அளவில் ஐந்து போலி டிஸ்க்குகள் சேருங்கள். லினக்ஸிலேயே இருக்கும் சாஃப்ட்வேர் ரெய்டில் நான்கை ரெய்டு 6ஆகக் கட்டி, ஒரு பெரிய வீடியோவை அதில் காப்பி செய்யுங்கள். காப்பி ஓடும்போதே ஒரு டிஸ்க்கைக் கெட்டதாக அறிவித்துக் கழற்றுங்கள். காப்பி நிற்கிறதா என்று பாருங்கள். ஐந்தாவதைச் சேர்த்து ரீபில்ட் எவ்வளவு நேரம் ஆகிறது என்று கவனியுங்கள். திரையில் அந்தச் சதவீதம் ஒவ்வொன்றாக ஏறுவதைப் பார்க்கும்போது, புத்தகத்தில் நூறு முறை படித்தும் பிடிபடாதது பிடிபடும்.

அப்புறம் அந்த வீடியோவை வேறொரு டிஸ்க்குக்கு பேக்கப் எடுத்துவிட்டு, மூலத்தை அழித்துவிடுங்கள். போனில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு, பேக்கப்பிலிருந்து மீட்டு, வீடியோ முதலிலிருந்து கடைசிவரை ஓடுகிறதா என்று பார்த்த பிறகு நிறுத்துங்கள். அந்த நேரத்தை நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். நேர்காணலில் ஆர்டிஓ என்றால் என்ன என்று கேட்கும்போது, நீங்களே அழித்து, நீங்களே மீட்டு, நீங்களே அளந்த ஓர் எண் உங்களிடம் இருக்கும்.